முனைப்பான பயனர் முரண்பாடு

முனைப்பான பயனர் முரண்பாடு என்பது, புதிய மென்பொருளை நிறுவியவர்கள் கையேட்டைப் படிக்காமல் நேரே வேலையில் இறங்குவதையும், அதனால் நீண்ட காலத்தில் நேரத்தை இழப்பதையும் விளக்கும் கருத்தாகும். முதலில் சிறிது நேரம் ஒதுக்கிக் கற்றால் பின்னர் பல மணி நேரம் மிச்சமாகும். ஆனால் கையிலுள்ள வேலையை முடிக்க வேண்டும் என்ற முனைப்பே அந்தச் சிறிது நேரத்தை ஒதுக்க விடுவதில்லை. ஜான் எம். கரோல், மேரி பெத் ராசன் ஆகிய ஆய்வாளர்கள் 1987 இல் வெளியான கட்டுரையில் இதற்கு இப்பெயரை இட்டனர்.

பின்னணி

1980களின் தொடக்கத்தில், ஐக்கிய அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்திலுள்ள ஐ.பி.எம். வாட்சன் ஆய்வு மையத்தில், கணினிப் பழக்கமற்ற அலுவலகப் பணியாளர்கள் சொற்செயலியைக் கற்கும் விதம் கவனிக்கப்பட்டது. மனத்தில் தோன்றுவதை உரக்கச் சொல்லிக்கொண்டே அவர்கள் கற்றனர். கையேட்டின் வரிசைப்படி ஒருவரும் செல்வார் என்று எதிர்பார்க்க முடியவில்லை. பக்கங்களைத் தாண்டினர், விசைகளை அழுத்திப் பார்த்தனர், தவறு நேர்ந்தபின் எங்கிருந்து மீள்வது என அறியாது தவித்தனர்.

காரணங்கள்

கரோலும் ராசனும் இரண்டு காரணங்களைக் கூறினர். ஒன்று, கற்பதைவிட வேலையை முடிப்பதிலேயே இருக்கும் நாட்டம். ஓரளவு வேலை நடந்துவிட்டால், அனுபவமுள்ளவர்களும் சுற்றுவழியிலேயே நின்றுவிடுவதுண்டு. மற்றொன்று, முன்பே அறிந்ததைக் கொண்டு புதியதைப் புரிந்துகொள்ளும் வழக்கம். தட்டச்சுப் பொறியில் இடைவெளி விசை தாளை மாற்றாமல் எழுதும் இடத்தை மட்டும் நகர்த்தும். சொற்செயலியிலோ இடைவெளியும் ஓர் எழுத்தே; அது உரையைத் தள்ளிவிடும்.

தமிழிலும் இத்தகைய நிலையைக் காணலாம். தமிழ்நாடு அரசு 1999 இல் தமிழ்99 விசைப்பலகையைத் தரப்படுத்தியது. தட்டச்சு முறையில் 'கொ' எழுத ஒற்றைக்கொம்பு, க, கால் என மூன்று விசைகள் தேவை. தமிழ்99 இல் க, ஒ என இரண்டே போதும். எனினும் தட்டச்சுப் பயின்ற பலர் பழைய முறையையே தொடர்ந்தனர். விரல்கள் பழகியதை மறக்கும் காலத்தில் வேலை தேங்கும் என்பதால், அதைப் பிடிவாதம் என்று மட்டும் கூறிவிட முடியாது.

தீர்வு முயற்சிகள்

மிதிவண்டி பழகும் சிறுவருக்குப் பொருத்தும் துணைச் சக்கரங்களை ஒத்த முறை ஒன்று 1984 இல் ஐ.பி.எம். டிஸ்ப்ளேரைட்டரில் சோதிக்கப்பட்டது. புதியவர்கள் வழக்கமாகச் சிக்கிக்கொள்ளும் வசதிகள் பூட்டப்பட்டன. அவற்றைத் தேர்ந்தால், இவ்வசதி பயிற்சி நிலையில் இல்லை என்ற செய்தி மட்டும் தோன்றும். இம்முறையில் பயின்றோர் விரைவாகத் தொடங்கினர். தவறுகளில் செலவிட்ட நேரமும் குறைந்தது.

அடுத்தது சிறுமக் கையேடு. முன்னுரைகளை நீக்கி, உண்மையான வேலையிலேயே தொடங்கி, தவறிலிருந்து மீளும் வழிகளுக்கு இது கூடுதல் இடம் தந்தது. சிலவற்றை வேண்டுமென்றே சொல்லாமல் பயனரே கண்டறிய விட்டது. வழக்கமான கையேட்டைவிட இதனால் விரைவாகக் கற்க முடிந்தது. கரோல் 1990 இல் வெளியிட்ட 'நூரம்பெர்க் புனல்' என்னும் நூல் இம்முறையை விளக்குகிறது. தலையில் புனலை வைத்து அறிவை ஊற்றிவிடலாம் என்ற பழைய செருமானியக் கேலியிலிருந்து வந்த தலைப்பு இது. அப்படியொரு புனல் இல்லை என்பதே நூலின் வாதம்.

தொட்டுப்பார்த்துக் கற்பது, தவறை மீளப்பெறக்கூடிய மென்பொருள்களுக்கே பொருந்தும். மருந்தின் அளவைக் கட்டுப்படுத்தும் கருவியின் மென்பொருளை நோயாளியின் மீது சோதித்துக் கற்க இயலாது. அத்தகைய இடங்களில் பாவிப்புப் பயிற்சி தேவைப்படுகிறது.