கல்லூரிக் கணித ஆசிரியருக்கான திறன்கள்

இந்தியாவில் உதவிப் பேராசிரியர் பணிக்குப் பொதுவாக முதுகலையில் 55 விழுக்காடு மதிப்பெண்ணுடன் நெட் அல்லது செட் தகுதித் தேர்வில் தேர்ச்சியோ முனைவர் பட்டமோ கேட்கப்படுகிறது. இவை பாட அறிவுக்குச் சான்று. கற்பிக்கும் திறன் வேறு.

எடுத்துக்காட்டாக, ஒரு புள்ளியில் சார்பின் தொடர்ச்சிக்கான வரையறையில் எப்சிலானை முதலில் எடுத்துக்கொண்டு, அதற்கேற்ற டெல்டாவைத் தேட வேண்டும். மாணவர் இந்த வரிசையை மாற்றி, எல்லா எப்சிலானுக்கும் ஒரே டெல்டா என்று எழுதிவிடுவதுண்டு. தவறு என்று அடித்துவிட்டுப் போவது எளிது. அப்படி எழுதினால் அந்தப் புள்ளியைச் சுற்றி மதிப்பே மாறாத சார்புகள்தான் தேறும் என்று கரும்பலகையில் காட்டத் தெரிந்தவரே ஆசிரியர்.

பாடத்திட்டத்துக்கு அப்பால் பார்க்கவும் தெரிய வேண்டும். பாரிசில் கணித அறிஞர் எலி கார்த்தானிடம் பயின்ற அருட்தந்தை சார்ல் ரசீன், 1939 முதல் சென்னை லயோலா கல்லூரியில் நவீன கணிதத்தை அறிமுகப்படுத்தினார். கணித அறிஞர்கள் சி. எஸ். சேஷாத்ரியும் எம். எஸ். நரசிம்மனும் அவருடைய மாணவர்கள்.