பள்ள ரிம்மும் கம்பி விளிம்பும்: இறக்காமத்து வயலில் டயர் கழற்றிய கதை

அம்பாறை மாவட்டத்தில், குளத்து நீரை நம்பி வேளாண்மை செய்துவரும் முஸ்லிம் ஊரான இறக்காமத்தில் இறப்பர்ச் சில்லுக்கு வீதியைக் காட்டிலும் வயலோடுதான் நெருங்கிய உறவு உண்டு. 1949இல் கல்லோயா அபிவிருத்திச் சபை அமைக்கப்பட்டு, பட்டிப்பளையாறு என்று தமிழர் வழங்கும் கல்லோயாவின் குறுக்கே இங்கினியாகலையில் அணை எழுந்து சேனநாயக்க சமுத்திரம் உருவான பின்னர், இப்பிரதேசத்தின் நெற்காணிகள் விரிந்தன. அவற்றில் எருமைகள் வகித்த இடத்தை உழவு இயந்திரங்கள் படிப்படியாகப் பிடித்துக்கொண்டன. உழவில் மட்டுமன்றிச் சூடடிப்பிலும், அதாவது வெட்டிக் கிடந்த உப்பட்டிகளை அள்ளிக் களத்தில் பரப்பி மிதிக்கச் செய்து நெல்லைப் பிரிக்கும் வேலையிலும், எருமையின் குளம்பு செய்ததை உழவு இயந்திரத்தின் டயர் செய்யத் தொடங்கியது. அறுவடைக் காலத்தில் காற்றிறங்கிய ஒரு சில்லு ஒரு களத்தின் வேலை முழுவதையும் நிறுத்திவிடக்கூடியதாக இருந்தமையால், டயரை ரிம்மிலிருந்து கையால் கழற்றி மாட்டுவது சாரதி கற்றேயாக வேண்டிய வேலைகளுள் ஒன்றாயிற்று.

கையால் கழற்றுவது என்பது டயரோடு கூடவே பிறந்த வசதியன்று. ஜோன் பொய்ட் டன்லப் 1888இல் பெல்பாஸ்ட் நகரில் காப்புரிமை பெற்ற காற்றடைத்த டயர், துணி சுற்றிப் பசையால் ரிம்மோடு ஒட்டப்பட்டிருந்தது. அதில் ஓட்டை விழுந்தால் பிரித்தெடுக்கச் சில மணி நேரமும், மீண்டும் ஒட்டிய பசை காய ஓர் இரவும் தேவைப்பட்டன. பிரான்சில் மிச்சலின் சகோதரர்கள் 1891இல் திருகாணிகளால் பிணைக்கப்படும் டயரைக் கொண்டுவந்தனர். அதே ஆண்டு பாரிசிலிருந்து பிரெஸ்ற் வரை சென்று திரும்பும் ஏறத்தாழ 1,200 கிலோமீற்றர் சைக்கிள் ஓட்டத்தில் சார்ல்ஸ் தெரோன் அதனைப் பூட்டியே வென்றார். எனினும் இறக்காமத்துச் சில்லுக்குள் இருப்பது மிச்சலினின் வழியன்று. 1890இல் ஆங்கிலேயரான சார்ல்ஸ் கிங்ஸ்ரன் வெல்ச் காப்புரிமை பெற்ற வழியாகும். பெரும்புகழ் டன்லப்புக்குச் சேர்ந்தாலும், டயர் கழற்றும் கைகள் உண்மையில் கடன்பட்டிருப்பது வெல்ச்சுக்கே.

டயரின் இரு விளிம்புகளிலும் நீளாத உருக்குக் கம்பி வளையங்களை வைத்துத் தைப்பதும், அவ்வளையங்கள் அமரும் ரிம்மின் நடுப்பகுதியை உட்குழிந்த பள்ளமாக அமைப்பதும் அவ்வழியின் சாரம். கம்பி வளையத்தின் விட்டம் ரிம்மின் உதட்டை விடச் சிறியதாகையால், காற்று அழுத்தும் வரை டயர் கழன்றுவிடாது. வளையத்தின் ஒரு பக்கத்தைப் பள்ளத்துக்குள் இறக்கிவிட்டால் எதிர்ப்பக்கத்தில் அவ்வளவு தளர்வு கிடைக்க, உதட்டைத் தாண்டி வெளியே வந்துவிடும். ஒடுங்கிய வளையலைக் கையைக் குவித்துக் கழற்றுவதைப் போன்றதே இது. ஆகவே டயர் லீவரால் நெம்பும்போது மறுபக்கத்தை முழங்காலாலோ குதிகாலாலோ பள்ளத்தில் அழுத்தி வைத்திருப்பதுதான் வேலையின் பெரும்பகுதி. அதை அறியாதவர் அலவாங்கின் பலத்தை நம்பி, கம்பியை முறித்தோ டியூப்பைக் கடித்தோ விடுவர். முதலில் வால்வைக் கழற்றிக் காற்றை முழுவதும் இறக்குவது, பின்னர் துருவோடு ரிம்மில் ஒட்டிப்போன விளிம்பைத் தட்டியும் மிதித்தும் பிரிப்பது, சவர்க்கார நீர் தடவுவது, வால்வுக்கு அருகிலிருந்து லீவரை இடத் தொடங்குவது என்னும் ஒழுங்கெல்லாம் இந்தப் பள்ளத்திலிருந்தே விளங்கிக்கொள்ளத்தக்கவை: வால்வின் அடிப்பாகம் நிற்கும் இடத்தில் விளிம்பு பள்ளத்துக்குள் முழுவதும் இறங்காது, அதனால் அங்கிருந்து நெம்பி, எதிர்ப்பக்கத்தையே இறக்க வேண்டியிருக்கிறது. உழவு இயந்திரத்தின் பின்சில்லில் பாரத்துக்காக நீர் நிரப்பும் வழக்கம் இருப்பதால், அங்கே காற்றுக்கு முன்னர் நீரை வடிக்கும் வேலையும் சேர்ந்துகொள்கிறது.

டயருக்கான இறப்பரோ இலங்கைக்குப் புதியதன்று. பிரேசிலிலிருந்து ஹென்றி விக்கம் கொண்டுசென்ற விதைகள் இலண்டன் கியூ தோட்டத்தில் முளைத்து, 1876இல் 1,900க்கும் மேற்பட்ட கன்றுகளாக இலங்கைக்கு அனுப்பப்பட்டு, கம்பகாவுக்கு அண்மையிலுள்ள ஹெனரத்கொடையில் நடப்பட்டன. 1952இல் சீனாவோடு செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி நாடு இறப்பரைக் கொடுத்து அரிசியை வாங்கியது. நெல் விளையும் கீழ்க்கரை ஊர்களின் சில்லுகளுக்குத் தேவைப்பட்ட பொருள் அரிசிக்கு விலையாகக் கப்பலேறியது என்பது கணக்கில் சேர்க்கப்படாத ஒரு வேடிக்கை. 1960களில் சோவியத் உதவியுடன் களனியில் அரச டயர்த் தொழிற்சாலை எழுந்தது. இறக்குமதிக் கட்டுப்பாடுகள் இறுகியிருந்த 1970களின் முற்பகுதியில் பழைய டயரை எறிவது ஆடம்பரமாக இருந்தமையால், ஒட்டுப்போட்டு மீண்டும் மாட்டும் திறமைக்கு நாடெங்கும் மதிப்பு உயர்ந்தது.

எல்லாச் சில்லும் இவ்வழிக்கு இசைவதில்லை. பழைய லொறிகளின் சமதள ரிம்மில் பள்ளம் இல்லை. டயரைப் பிடித்து வைப்பது பிரிந்துவரும் ஒரு பூட்டு வளையம். அது சரியாக அமராத நிலையில் காற்று ஏற்றினால் துள்ளிப் பறந்து ஆளைக் கொல்லும் என்பதற்காகவே ஐக்கிய அமெரிக்கா 1980இல் இத்தகைய ரிம்களைக் கையாளத் தனி விதி வகுத்தது. முச்சக்கர வண்டியின் சிறு சில்லோ இரு பாதியாகப் பிரிந்து ஆணிகளால் பூட்டப்படுவது. காற்றை இறக்கிய பின் ஆணிகளைக் கழற்றினால் லீவரே வேண்டியதில்லை. டியூப் இல்லாத டயரில் விளிம்பு ரிம்மோடு காற்றுப்புகாமல் இறுகியிருக்க வேண்டியிருப்பதால், அதைப் பிரிக்கக் கடை இயந்திரத்தை நாடுவதே எளிது.

சூடடிப்பு இன்று பெரும்பாலும் அறுவடை இயந்திரத்துக்குள்ளேயே முடிந்துவிடுகிறது. அவ்வியந்திரம் ஈர வயலில் டயரை நம்பாமல் இறப்பர்ப் பட்டியில் ஊர்கிறது. ஆயினும் நெல்மூடைகளை வீட்டுக்கு ஏற்றிவரும் பெட்டியின் சில்லு டயரில்தான் ஓடுகிறது. 2022இன் எரிபொருள் தட்டுப்பாட்டில் மீண்டும் வீதிக்கு வந்த சைக்கிள்களும் அப்படியே. அவற்றின் ரிம்களில் அதே பள்ளம் இருக்கிறது.