பதிவேட்டில் இல்லாத ஆட்டங்கள்

இலங்கைக் கிரிக்கெட்டின் எழுதப்பட்ட வரலாறு, 1832ஆம் ஆண்டு கொழும்பில் தோன்றிய கழகத்துடன் ஆரம்பிக்கின்றது. 1982இல் முதலாவது டெஸ்ட், 1996இல் லாகூரில் வென்ற உலகக் கிண்ணம் என அது நீள்கின்றது. சிலாபம் மேரியன்ஸ் கழகத்தின் மூலம் புத்தளம் மாவட்டத்துக்கும் அதில் ஓரிடமுண்டு.

ஆனால், அம்மாவட்டத்துக் கரையோரக் கிராமங்களின் வார இறுதி ஆட்டங்களுக்குப் பதிவேடு கிடையாது. மென்பந்தும் துடுப்பும் போதும், மணல்வெளியே மைதானமாகிவிடும். எத்தனை ஓவர்கள் என்பதை இரு ஊராரும் பேசித் தீர்மானித்துக்கொள்வர்.

1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வடமாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட 70,000க்கும் அதிகமான முஸ்லிம்களில் பெரும்பகுதியினர் புத்தளம், கற்பிட்டிப் பகுதிகளில் தஞ்சமடைந்தனர். அன்போடு வரவேற்ற ஊர்களிலும், காலப்போக்கில் நிலம், குடிநீர், தொழில், பாடசாலை ஆகியன தொடர்பில் உரசல்கள் எழவே செய்தன. என் போன்ற பத்திரிகையாளர்கள் முகாம்களின் குடும்பத் தொகையையும் உலர் உணவு நிவாரணத்தையும் எழுதினோம். மாலை வேளைகளில் அப்பிள்ளைகள் யாரோடு விளையாடினார்கள் என்று நாம் கேட்கவில்லை.

நட்பு ஆட்டமொன்றுக்கு எதிரணி அவசியம். அகதியாக வந்தவரை எதிரணியாக அழைப்பதென்பது, அவரையும் ஓர் ஊரவராக ஒப்புக்கொள்வதாகும். அன்றைய சிறுவர்கள் இன்று ஐம்பது வயதை எட்டுகின்றனர். நினைவு மங்குமுன் அவர்கள் அந்த ஆட்டங்களை எழுதிவைக்க வேண்டும். நாம் எழுதத் தவறிய வரலாறு அது.