உடைந்த மரத்திருகும் நமது வள்ளங்களும்

வெளியிணைப்பு இயந்திரம் வாங்கச் செல்லும் நம்மவர் முதலிற் கேட்பது "எத்தனை குதிரைவலு?" என்பதையே. அதன் அடியில், நீருக்குள் சுழலும் விசிறியைப் பற்றிக் கேட்போர் மிகச் சிலர். ஆயினும் அந்த விசிறியிற் பொறிக்கப்பட்டிருக்கும் இரண்டு எண்கள் கவனிக்கத்தக்கவை. ஒன்று விட்டம். மற்றையது 'பிட்ச்' எனப்படும் புரியிடைத் தூரம். திருகாணி ஒரு முழுச் சுற்றில் மரத்தினுள் எவ்வளவு இறங்குமோ, அவ்வாறே விசிறி ஒரு சுற்றில் முன்னேற வேண்டிய தூரம் அது. நீர் மரமன்று, வழுக்கும். ஆகவே கணக்கில் வரும் தூரத்தில் ஒரு பகுதி எப்போதும் குறைந்தே கிடைக்கும்.

இதனை மனிதன் கற்றுக்கொண்ட கதை ஒரு விபத்தையும் உள்ளடக்கியது. 1836 மே மாதம், லண்டனுக்கு அண்மையில் ஹென்டனில் விவசாயம் செய்துவந்த பிரான்சிஸ் பெற்றிற் ஸ்மித், கப்பலைத் திருகினால் உந்தும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். சில வாரங்களின் பின் சுவீடன் நாட்டுப் பொறியியலாளர் ஜோன் எரிக்சனும் தமது வேறொரு வடிவத்துக்குக் காப்புரிமை பெற்றார். ஸ்மித்தின் திருகு மரத்தாலானது. இரண்டு முழுச் சுற்றுகள் கொண்டது. நீளம் கூடினால் நீரைப் பற்றும் பிடியும் கூடும் என்பது அவரது நம்பிக்கை. 1837 பெப்ரவரியில் பாடிங்ரன் கால்வாயில் அவரது சிறு படகு எதிலோ மோதியதில் திருகின் பாதி உடைந்து போனது. படகு நிற்கவில்லை, முன்னரிலும் விரைந்து ஓடிற்று! நீண்ட திருகின் பரப்பில் ஏற்பட்ட உராய்வு இயந்திரத்தின் வலுவைத் தின்றுகொண்டிருந்தது என்பது அப்போதுதான் புலனாயிற்று. உடைந்தது நீளமேயன்றிப் புரியிடைத் தூரம் அன்று என்பதையும் இங்கு குறிப்பிட வேண்டும். ஆனால் விசிறியைக் கண்மதிப்பில் தீர்மானிக்க முடியாது, ஓட்டிப் பார்த்தே அறிய வேண்டும் என்ற தெளிவு அங்கிருந்தே பிறந்தது.

1838 இல் வெள்ளோட்டம் விடப்பட்ட 'ஆர்க்கிமிடீஸ்' கப்பலை புரூனல் இரவல் பெற்றுச் சோதித்தார். அதன் பயனாகத் தமது 'கிரேட் பிரிட்டன்' கப்பலுக்குத் துடுப்புச் சக்கரத்தைக் கைவிட்டுத் திருகைத் தெரிவு செய்தார். 1845 ஏப்ரல் 3 இல் 'றற்லர்' என்ற திருகுக் கப்பல், 'அலெக்ரோ' என்ற சக்கரக் கப்பலைப் பின்னோக்கி இழுத்துச் சென்றதை எல்லோரும் எழுதுகின்றனர். பத்திரிகைக்காரனுக்கு அது நல்ல செய்தி. எனினும் அன்று றற்லரின் இயந்திரம் வெளிப்படுத்திய வலு அதிகம் என்பதால் அதனை நேர்மையான போட்டி என்று நான் கொள்வதில்லை. அதற்கு முந்திய மாதங்களில் அதே கப்பலில் ஒன்றன்பின் ஒன்றாகத் திருகுகளை மாற்றி மாற்றிச் செய்த சோதனைகளே மேலானவை.

நோர்வேயிற் பிறந்து அமெரிக்காவின் மில்வோக்கியில் வாழ்ந்த ஓல் எவின்ரூட் 1909 இல் வெளியிணைப்பு இயந்திரத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தார். அவர் பெயரைத் தாங்கிய இயந்திரங்களின் உற்பத்தி 2020 இல் நின்றது.

ஒரு கணக்கைப் பாருங்கள். இயந்திரம் நிமிடத்துக்கு 5000 சுற்று. பற்சக்கரம் அதனைப் பாதியாக்க, விசிறிக்கு 2500 சுற்று. புரியிடைத் தூரம் 12 அங்குலமாயின் வழுக்கல் இல்லாத வேகம் மணிக்கு ஏறக்குறைய 46 கிலோமீற்றர். ஐந்திலொரு பங்கு வழுக்கினால் 37. அப்படியானால் 14 அங்குலம் பூட்டினால் இன்னும் விரைவு அல்லவா என்று கேட்கலாம். இல்லை. ஓர் அங்குலம் கூட்டினால் இயந்திரம் நிமிடத்துக்கு 150 முதல் 200 சுற்று வரை இழக்கும். உரிய சுற்றை எட்ட முடியாமல் அது திணறும்; சூடேறும்; கரி படியும். மிகக் குறைத்தாலோ, அளவு கடந்து சுழன்று தேயும்.

போர்க்காலத்தில் வடகடலில் இயந்திரத்தின் குதிரைவலுவுக்கே கட்டுப்பாடு விதிக்கப்பட்டிருந்தது. வலுவைக் கூட்ட இயலாதவனுக்கு எஞ்சியிருந்த தெரிவு விசிறி ஒன்றே. போர் 2009 இல் முடிந்தது. 2022 ஓகஸ்ட் மாதத்தில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஒரே இரவில் உயர்ந்தபோது, சிறு வள்ளக்காரனின் கணக்கு முழுவதும் குலைந்தது. இயந்திரம் திணறுவதால் வீணாகும் ஒவ்வொரு போத்தலும் அவனது அன்றைய உழைப்பிலிருந்தே கழிந்தது.

வெறும் வள்ளத்தைக் கரையோரம் ஓட்டிக் காட்டி விசிறி விற்பவர்களை நான் கண்டிருக்கிறேன். வலையும் பனிக்கட்டியும் எரிபொருளும் ஆட்களும் ஏறியபின் அந்த வேகம் கிடைப்பதில்லை. வழமையான சுமையை ஏற்றி, விசையை முழுதாகத் திறந்து, சுற்றுமானியைப் பார்க்க வேண்டும். கையேடு 4500 முதல் 5500 வரை என்று கூறுமாயின், முள் அந்த எல்லையின் மேற்பாதியில் நிற்கவேண்டும். அதற்குக் கீழே நின்றால், புரியிடைத் தூரம் குறைந்த விசிறியைப் பூட்டி மீண்டும் கடலுக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.