கூண்டுக்குள் கடிக்கும் கிளி

கூண்டைத் துடைக்கவோ தீனிக் கிண்ணத்தை எடுக்கவோ கையை நீட்டும்போது வளர்ப்புக் கிளி கடிப்பது, பறவை வளர்ப்போர் பரவலாகச் சந்திக்கும் சிக்கல். வெளியே விட்டால் தோளில் ஏறி உட்கார்ந்து, நீவிவிடச் சொல்லித் தலையைச் சாய்க்கும் அதே பறவை, கூண்டுக் கதவு திறந்ததும் பாய்ந்து வந்து விரலைக் கவ்வும். வளர்ப்பவர் இதைத் திமிர் என்றோ நன்றிகெட்ட குணம் என்றோ எடுத்துக்கொள்வதுண்டு. பெரும்பாலும் இது இடத்தைக் காக்கும் செயல். சில வேளை அச்சம், சில வேளை வலி. கடைகளில் கிடைக்கும் பட்ஜி, லவ் பேர்ட், காக்டெயில், கான்யூர், மங்க் கிளி போன்ற அயல்நாட்டு இனங்களே இங்கே பேசப்படுகின்றன. நம் ஊர்ப் பச்சைக்கிளியைப் பிடித்துக் கூண்டில் வைப்பது 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

காரணங்கள்

கிளியின் மேல் அலகு மண்டையோட்டோடு அசையும் மூட்டாக இணைந்திருக்கிறது. விதையை உடைக்க மட்டுமல்ல, ஏறவும் தொட்டுப் பார்க்கவும் அதற்கு அலகுதான். புதிய குச்சியில் கால் வைக்கும் முன் அது தாங்குமா என்று அலகால் பிடித்துப் பார்க்கும். நீட்டிய விரலையும் அப்படியே பிடிக்கும். அதைக் கடி என்று எண்ணி விரலை வெடுக்கென்று இழுத்தால் பறவை தடுமாறுகிறது, அடுத்த முறை அந்த விரலை நம்பாமல் இறுக்கிக் கவ்வுகிறது.

உண்மையான கடி வேறு. திறந்த வெளியில் பிடிக்காத ஒன்று நெருங்கினால் கிளி பறந்து போய்விடும். கூண்டில் அதற்கு இடமில்லை. இருக்கும் ஒரே வாசலை மனிதக் கை அடைத்துக்கொண்டிருக்கிறது. இறகு வெட்டப்பட்ட பறவைக்கு வெளியிலும் இதே கதிதான். ஒதுங்க முடியாத பறவை முதலில் எச்சரிக்கும், எச்சரிக்கை எடுபடாவிட்டால் கடிக்கும். கடித்ததும் கை விலகுகிறது. நான்கு முறை இப்படி நடந்தால் கடிதான் பலனுள்ள வழி என்று கிளி கற்றுக்கொள்கிறது. எச்சரிக்கை வரவரக் குறைந்து நேராகக் கடியே வருகிறது. வளர்ப்புக் கிளிகளின் நடத்தையை இந்தக் கோணத்தில், அதாவது கடிக்கு முன் என்ன நடந்தது, பின் என்ன கிடைத்தது என்று பார்க்கக் கற்றுத்தந்தவர்களில் அமெரிக்க உளவியலாளர் சூசன் ஃபிரீட்மன் முக்கியமானவர். ‘கடித்தாலும் கையை எடுக்காதே, யார் பெரியவர் என்று அதற்குத் தெரியட்டும்’ என்ற பழைய அறிவுரை இன்னும் புழக்கத்தில் இருக்கிறது. அதனால் கையில் காயமும் பறவைக்கு அச்சமும்தான் மிஞ்சும்.

மங்க் கிளி

கூண்டைக் காப்பதில் பேர்போன இனம் மங்க் கிளி. குவேக்கர் கிளி என்றும் சொல்வார்கள். அர்ஜென்டினா, உருகுவே, பராகுவே, பொலிவியா, தெற்கு பிரேசில் பகுதிகளைச் சேர்ந்தது. ஏறத்தாழ 30 சென்டிமீட்டர் நீளம், சாம்பல் நெற்றியும் மார்பும், பச்சை முதுகும் கொண்டது. மற்றக் கிளிகள் பெரும்பாலும் மரப்பொந்துகளில் முட்டையிட, இது ஒன்று மட்டும் முள்ளும் சுள்ளியும் பின்னி மரத்தின்மேல் கூடு கட்டுகிறது. பல இணைகள் ஒரே கூட்டுத் தொகுதியில் தனித்தனி அறைகளில், தனித்தனி வாசல்களோடு வாழும். வளர்ப்பிலிருந்து தப்பியவை பார்சிலோனாவிலும் நியூயார்க்கின் புரூக்ளினிலும் காட்டுக் கூட்டங்களாகப் பெருகிவிட்டன. புரூக்ளினின் கிரீன்-வுட் கல்லறைத் தோட்டத்து வாயிற்கோபுரத்தில் அவற்றின் கூடுகளைக் காணலாம்.

இனப்பெருக்கம் முடிந்ததும் கூட்டைக் கைவிட்டுப் போகும் பறவை அல்ல இது. ஆண்டு முழுவதும் அதிலேயே அடைகிறது, பழுது பார்க்கிறது, காக்கிறது. வீட்டில் வளரும் மங்க் கிளிக்குக் கூண்டே அந்தக் கூடு. கிடைத்த குச்சியையும் காகிதத்தையும் கம்பிகளுக்கு இடையே செருகிப் பின்னும். அதை யாராவது எடுத்தால் சும்மா விடாது. மற்ற இனங்களில் கடி பருவத்தோடு வந்து பருவத்தோடு போகும், இதில் அப்படிப் பருவம் பார்த்து ஓய்வதில்லை. வாங்கும் முன் இதைத் தெரிந்துகொள்வது நல்லது. கடையில் பெரும்பாலும் சொல்லமாட்டார்கள்.

பட்ஜியும் லவ் பேர்டும்

தமிழ்நாட்டில் லவ் பேர்ட்ஸ் என்று விற்கப்படுபவை பெரும்பாலும் ஆஸ்திரேலியாவின் பட்ஜிகள். உண்மையான லவ் பேர்ட் ஆப்பிரிக்காவின் குட்டைவால் கிளி. இரண்டிலும் பெண்ணே கூடுதலாகக் கடிக்கும். பொந்தைத் தேர்ந்து அதைக் காப்பது அதன் வேலை. பெண் பட்ஜி இனப்பெருக்கத்துக்குத் தயாரானதும் அலகின் மேலுள்ள மூக்குச்சதை பழுப்பாகித் தடிக்கும். கை வைக்கும் முன் அதைப் பார்த்துக்கொள்ளலாம். முட்டைப் பானைக்குள் கைவிட்டால் கடி உறுதி. அடைகாக்கும் 18 நாளும், குஞ்சு பானையை விட்டு வெளியேறும்வரை ஐந்து வாரமும், தாய் வெளியே வந்த நேரம் பார்த்து எட்டிப் பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

ரோஜாமுக லவ் பேர்டில் பெண் காகிதத்தை நீளநீளமாகக் கிழித்து, இடுப்பு இறகுகளுக்குள் செருகிக் கூட்டுக்குக் கொண்டுபோகும். கூண்டின் அடியில் விரித்த செய்தித்தாளே அதற்குக் கூடு கட்டும் எண்ணத்தைத் தூண்டிவிடும். தாளை வலைக்கம்பிக்குக் கீழே, எட்டாத தட்டில் போட வேண்டும்.

நீண்ட பகலும் இருண்ட மூலைகளும் எல்லா இனங்களிலும் இந்தக் குணத்தை வளர்க்கின்றன. இரவு 10 முதல் 12 மணி நேரம் இருட்டில் தூங்கவிடுவது, துணிக்குடிலையும் பெட்டியையும் கூண்டிலிருந்து எடுத்துவிடுவது, முதுகைத் தடவாமல் தலையை மட்டும் நீவுவது ஆகியவை கடியைக் கணிசமாகக் குறைக்கும்.

கூண்டு வேலை

பயன் தரும் வழி, பறவையை மாற்றுவதற்கு முன் வேலையை மாற்றுவது. தீனிக் கிண்ணங்களை வெளியிலிருந்தே திருப்பி எடுக்கும் சிறு கதவுள்ள கூண்டும், அடியிலிருந்து இழுக்கும் தட்டும் இருந்தால் அன்றாட வேலைக்குக் கை உள்ளே போகவே தேவையில்லை. கம்பி துடைப்பது, குச்சி மாற்றுவது போன்ற பெரிய வேலைகளைப் பறவை வெளியே இன்னொரு இடத்தில், முடிந்தால் கூண்டு கண்ணில் படாத அறையில், இருக்கும்போது செய்யலாம். பொருட்களின் இடத்தை ஒரேயடியாக மாற்றினால் அஞ்சும் பறவைகளும் உண்டு. கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுவது மேல். காய்ந்த எச்சத்தைச் சுரண்டும் முன் நனைத்துவிட வேண்டும், அதன் தூசி வழியே கிளிக் காய்ச்சல் எனப்படும் கிளமிடியா தொற்று மனிதருக்கு வரக்கூடும். பிளீச்சிங் நெடி பறவையின் நுரையீரலுக்கு ஆகாது.

வெளியே வர மறுக்கும் பறவைக்குக் குச்சிப் பயிற்சி உதவும். ஒரு மெல்லிய குச்சியின் நுனியைக் கம்பி வழியே காட்டி, அதை அலகால் தொட்டதும் ஒரு சூரியகாந்தி விதையோ தினைக்கதிரில் ஒரு துண்டோ தர வேண்டும். சில நாளில் குச்சி போகும் இடமெல்லாம் பறவை பின்தொடரும். அப்போது கூண்டின் எதிர்மூலைக் கட்டையில் நிற்கவைத்து, அங்கே நிற்கும்வரை தீனி கொடுத்து, மறுகையால் வேலையை முடிக்கலாம். ஒரு வேளைக்கு ஐந்து நிமிடம் போதும்.

எச்சரிக்கை அறிகுறிகள் இனத்துக்கு இனம் வேறுபடும். கண்மணி சட்டெனச் சுருங்கி விரிவது, பிடரி இறகு சிலிர்ப்பது, வால் விசிறியாக விரிவது, உடலைத் தாழ்த்தி அலகைத் திறப்பது ஆகியவை பொதுவானவை. இவற்றைக் கண்டதும் கையை மெல்ல விலக்குவது தோல்வி அல்ல. கடிக்காமலே சொன்னது எடுபடும் என்று பறவை அறிகிறது. கத்துவது, அலகைச் சுண்டுவது, கூண்டைத் தட்டுவது எதுவும் பலன் தராது. தடித்த தோல் கையுறை வளர்ப்பவரைக் காக்கும், ஆனால் பறவையை மிரட்டும். மருந்து கொடுக்கப் பிடித்தே ஆக வேண்டும் என்றால் மெல்லிய துண்டு நல்லது. மார்பை அழுத்தக்கூடாது, பறவைக்கு உதரவிதானம் இல்லை, மார்பெலும்பு அசைந்தால்தான் மூச்சு.

திடீர்க் கடியும் காயமும்

இதுவரை கடிக்காத பறவை ஒரு நாள் கடிக்கத் தொடங்கினால் முதலில் உடல்நிலையைப் பார்க்க வேண்டும். இறகு உதிர்த்து முளைக்கும் காலத்தில் புதிய முளைகளைத் தொட்டாலே வலிக்கும். உப்பியபடி உட்கார்ந்திருப்பது, தீனி குறைவது, எச்சத்தின் நிறம் மாறுவது ஆகியவற்றோடு கடியும் சேர்ந்தால் பறவை மருத்துவம் தெரிந்த கால்நடை மருத்துவரிடம் அன்றே காட்ட வேண்டும். நோயை மறைப்பது கிளிகளின் இயல்பு, வெளியே தெரியும்போது நோய் முற்றியிருக்கும்.

கடிபட்ட இடத்தைச் சோப்பும் ஓடும் தண்ணீரும் கொண்டு நன்றாகக் கழுவ வேண்டும். ஆழமான காயம், வீக்கம், சிவப்பு, முகத்தில் கடி என்றால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். டெட்டனஸ் ஊசி போட்டு நாளாகியிருந்தால் அதையும் சொல்ல வேண்டும். வெறிநாய்க்கடி நோய் பாலூட்டிகளின் நோய் என்பதால், கிளி கடித்ததற்காக அந்தத் தடுப்பூசி தேவைப்படாது.