விடுதலைக்கும் விலை கேட்ட சிறைகள்



சிறையில் இருப்பவரைச் சந்திப்பது இரக்கச் செயல்களுள் ஒன்று எனச் சிறுவயது முதலே மறைக்கல்வியில் கற்றிருக்கிறோம. சந்தித்து ஆறுதல் கூறினால் மட்டும் போதுமா? இங்கிலாந்து நாட்டு வரலாறு ஒன்றை இன்று சிந்திப்போம்.

1773இல் ஜான் ஹோவர்டு என்பவர் பெட்ஃபோர்டுஷையரின் ஷெரீப்பாகப் பொறுப்பேற்றார். அங்குள்ள சிறைக்குள் சென்றவர் அதிர்ந்துபோனார். குற்றமற்றவர் என நீதிமன்றம் விடுவித்தவர்களும் உள்ளேயே அடைபட்டிருந்தார்கள். சிறை அதிகாரிக்குச் சம்பளம் கிடையாது. கைதிகள் தரும் கட்டணமே அவருக்கு வருமானம். அதைக் கட்ட வழியில்லாத ஏழைக்கு விடுதலையும் இல்லை.

ஒருவரின் கட்டணத்தைக் கட்டி அவரை மீட்பதும் அறச்செயலே. ஆனால் மறுநாள் இன்னொருவர் அதே கதவுக்குப் பின்னால் நிற்பாரே! எனவே ஹோவர்டு, சிறை அதிகாரிக்குச் சம்பளம் கொடுங்கள் என்று கேட்டார். வேறெங்காவது இப்படி நடக்கிறதா என்று அவரிடம் கேட்டார்கள். தேடிப் புறப்பட்டவர், அண்டை மாவட்டங்களிலும் அதே அநீதியையே கண்டார். நாடாளுமன்றத்தில் சாட்சியம் அளித்தார். 1774இல் இரண்டு சட்டங்கள் பிறந்தன: ஒன்று விடுவிக்கப்பட்டவரிடம் கட்டணம் வாங்குவதை ஒழித்தது, மற்றது கைதிகளின் உடல்நலத்தைக் காத்தது.

1813இல் எலிசபெத் ஃபிரை என்னும் அன்னை, லண்டன் நியூகேட் சிறையில் பெண்களும் குழந்தைகளும் படும் அவலத்தைக் கண்டார். முதலில் உடைகளைக் கொண்டு சென்றார். 1817இல் சங்கம் அமைத்து, பள்ளியும் தையல் வேலையும் ஏற்படுத்தினார்.

ஹோவர்டின் பெயரால் 1866இல் தொடங்கிய சங்கம், 1921 முதல் ஹோவர்டு லீக் என இயங்குகிறது. கைதிகளுக்கு உறவினர் நூல்கள் அனுப்பத் தடை வந்தபோது, அது எதிர்த்துக் குரல் கொடுத்தது. 2014இல் உயர் நீதிமன்றம் அத்தடை சட்டவிரோதம் எனத் தீர்ப்பளித்தது.

ஹோவர்டும் ஃபிரையும் கத்தோலிக்கர் அல்லர். ஆயினும் சிறைப்பட்டவரில் தம்மைக் காணச் சொன்ன ஆண்டவரின் குரலுக்கு அவர்கள் செவிமடுத்தார்கள். நாமோ, நம் பங்கில் ஒருவர் சிறை சென்றால், அவர் வீட்டு வாசலைக்கூட மிதிக்கத் தயங்குகிறோம். அந்த வீட்டுப் பிள்ளைகள் என்ன குற்றம் செய்தார்கள்?

இந்த வாரம் அத்தகைய ஒரு வீட்டுக்குச் செல்வோம். ஆறுதல் சொல்வதோடு நில்லாமல், ஜாமீனுக்கோ வழக்கறிஞருக்கோ வழியின்றி அவர்கள் தவிக்கிறார்களா என்றும் கேட்டறிவோம். இரக்கமும் நீதியும் கைகோத்து நடக்க இறைவன் நமக்கு அருள்புரிவாராக. ஆமென்.