கண்காணியும் பேராயரும்: தென்னிந்தியத் திருச்சபை ஒன்றிப்பு குறித்த ஒரு சொல்நோக்கு

கிறித்தவ சமயக் கருத்து வேறுபாடுகளுள் எவை பிரிவினைக்கு உரியவை, எவை பொறுத்துக்கொள்ளத் தக்கவை என்னும் வினா, தென்னிந்தியச் சீர்திருத்தச் சபைகளில் ஒரு பதவியைச் சுற்றிக் கூர்மையாக எழுந்தது. பிஷப், அத்தியட்சர், பேராயர் என வெவ்வேறு பெயர்களால் அறியப்பட்ட பதவி அது. அவ்வழக்கை அதன் சொற்களின் வழியே காண இக்கட்டுரை முயல்கிறது.

இலண்டன் மிஷன் சங்கம் 1796இல் வகுத்த அடிப்படை நெறிப்படி, எந்தவொரு சபை ஆட்சிமுறையையும் பரப்புவது அதன் நோக்கமன்று. நற்செய்தியை அறிவிப்பதே நோக்கம். அச்சங்கத்தின் சார்பில் ரிங்கல்தௌபே 1806இல் திருவிதாங்கூருக்கு வந்து மயிலாடியில் பணியாற்றினார். கல்லாறு அமைந்துள்ள இன்றைய திருவனந்தபுரம் மாவட்டமும் குமரி மாவட்டமும் பின்னர் அச்சங்கத்தின் பணிக்களமாயின. இப்பகுதிச் சபைகள் பிஷப் இன்றியே வளர்ந்தன.

அண்டையிலிருந்த திருநெல்வேலியின் வரலாறு வேறு. 1820 முதல் பாளையங்கோட்டையில் பணியாற்றிய இரேனியஸ் லூத்தரன் மரபில் குருப்பட்டம் பெற்றவர். தமிழ் இலக்கண நூலாசிரியர், விவிலிய மொழிபெயர்ப்பாளர். தம் உபதேசியார்களுக்கு ஆங்கிலிக்கன் பிஷப் இன்றியும் குருப்பட்டம் அளிக்கலாம் என்பது அவர் நிலைப்பாடு. இதனை ஒட்டி எழுந்த பூசலில் 1835இல் சர்ச் மிஷன் சங்கம் அவரை விலக்கியது. ஊர்ச்சபைகள் இரு பிரிவாயின. 1838இல் அவர் மறைந்த பின்னரே பிளவு ஆறத் தொடங்கியது. ஒரே விவிலியத்தை ஓதிய மக்கள் பதவி ஒன்றின் பொருட்டுப் பிரிந்தனர் என்பது கருதத்தக்கது.

1919இல் தரங்கம்பாடியில் கூடிய அசரியா முதலியோர் ஒன்றிப்புக்கு நான்கு அடிப்படைகளை முன்வைத்தனர். திருமறை, இரு விசுவாச அறிக்கைகள், ஞானஸ்நானமும் திருவிருந்துமாகிய இரு திருவருட்சாதனங்கள் ஆகிய மூன்றிலும் பெரிய இடர்ப்பாடு இல்லை. நான்காவதாகிய பிஷப் பதவியே சிக்கல். அப்பதவி இல்லாத குருத்துவம் செல்லாது என ஏற்பின், திருவிதாங்கூர் மக்கள் தம் மூதாதையர் பெற்ற திருவிருந்தையே ஐயுற நேரும். அதனை விட்டுவிடின் ஆங்கிலிக்கர் தம் மரபையே இழப்பர். 1947 செப்டம்பர் 27 அன்று சென்னையில் உருவான தென்னிந்தியத் திருச்சபை பதவியை ஏற்றது; அதுபற்றிய குறிப்பிட்ட விளக்கம் எதனையும் உறுப்பினர்மேல் சுமத்தவில்லை. முன்னரே பட்டம் பெற்ற குருமார்க்கு மறுபட்டம் வேண்டப்படவில்லை. இதனை ஏலாத ஆங்கிலிக்கர் நந்தியால் பகுதியில் விலகி நின்றனர். அவர்களைப் பிடிவாதக்காரர் எனத் தள்ளுவது பொருந்தாது. விளக்கம் இல்லாத பதவி வெறும் நிர்வாகமாகிவிடும் என்னும் அச்சம் பொருளற்றதன்று.

இங்குத் தமிழ்மொழிபெயர்ப்பின் பங்கு கவனிக்கத்தக்கது. ‘எபிஸ்கோபோஸ்’ என்னும் கிரேக்கச் சொல்லிலிருந்தே பிஷப் என்னும் சொல் பிறந்தது. 1871இல் வெளிவந்த பவர் மொழிபெயர்ப்போ அக்கிரேக்கச் சொல்லைக் கண்காணி என்று பெயர்த்தது. அத்தியட்சர் என்றோ, சிரிய மூலமுடைய மேற்றிராணியார் என்னும் கத்தோலிக்க வழக்கைக் கொண்டோ பெயர்க்கவில்லை. அப்போஸ்தலர் நடபடிகள் 20ஆம் அதிகாரத்தில் மூப்பர் என அழைக்கப்படுவோரே சில வசனங்களின் பின் கண்காணிகள் எனப்படுகின்றனர். மூப்பரும் பிஷப்பும் ஒருவரே என வாதிட்டோர்க்கு இவ்விடமே முதன்மைச் சான்று. கண்காணி என்பது வயலிலும் தேயிலைத் தோட்டத்திலும் வேலை மேற்பார்ப்பவனுக்கும் வழங்கிய சொல். அதில் பரம்பரைப் பெருமை ஏதுமில்லை. இதனால் தமிழில் திருமறைச் சொல் வேறு, சபைப் பதவிப்பெயர் வேறு என்றாயிற்று. பேராயரை ஏற்பவர் அப்பதவியின் முழு உரிமையும் திருமறையிலேயே உள்ளது என்று ஒப்ப வேண்டிய கட்டாயம் சொல்லளவில் எழவில்லை. ஒன்றிப்புக்கு இதுவே காரணம் என்பது மிகை. ஆயினும் வழியை எளிதாக்கியது எனலாம்.

கத்தோலிக்கரும் சீர்திருத்தச் சபையாரும் இணைந்து 1995இல் வெளியிட்ட திருவிவிலியமும் அவ்விடங்களில் தத்தம் பதவிப்பெயர்களாகிய ஆயர், பேராயர் என்பவற்றை இடவில்லை. அது கையாளும் சொல் ‘சபைக் கண்காணிப்பாளர்’.